தேய்மானம் என்று ஒரு சொல்

சென்ற மாதம் தில்லைநகரில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் காத்திருந்தோம். எங்கள் வரிசையில் ஏழு பேர், எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். முன்பெல்லாம் இப்படிக் கூடினால் டி.ஏ. எவ்வளவு ஏறியது, அரியர்ஸ் எப்போது வரும் என்றுதான் பேச்சு போகும். இப்போது முழங்கால். ஏழு பேரில் ஐந்து பேருக்கு முழங்கால் வலி. அதில் நானும் ஒருவன்.

என்னோடு ஆர்.எம்.எஸ்.ஸில் ராத்திரி செட்டு பார்த்த பழைய சகா ஒருவர் சொன்னார்: "எக்ஸ்ரேயைப் பார்த்துட்டுத் தேய்மானம்னுட்டார்ப்பா டாக்டர். இனிமே வாக்கிங் வேணாம், மாடிப்படி வேணாம், இருக்கிறதைக் காப்பாத்திக்குங்கன்னார். நானும் நிறுத்திட்டேன்."

ஓடும் ரயில் பெட்டியில் விடிய விடிய நின்றுகொண்டே தபால் பிரித்த மனிதர் அவர். "நிறுத்திட்டேன்" என்று சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை. ஒரு நிம்மதி இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாண வீடு என்பதால் பாயசத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். அந்தக் கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்களில் டாக்டர்கள் இருந்தால் மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, கடைசி வரை படித்துவிடுங்கள்.

என் முதல் சண்டை அந்தச் சொல்லோடுதான். செருப்பு தேயும், சைக்கிள் டயர் தேயும், சந்தனக்கட்டை தேயும். தேய்ந்தது திரும்பி வராது. உபயோகித்தால் இன்னும் தேயும். அதனால் உபயோகிக்காமல் வைத்துக்கொள். இந்த மூன்று முடிவுகளும் "தேய்மானம்" என்ற ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. டாக்டர் தனியாக "நடக்காதே" என்று சொல்ல வேண்டியதே இல்லை. சொல்லைக் கேட்டதும் நாமே உட்கார்ந்துவிடுகிறோம்.

செருப்புக்கு இந்தக் கணக்கு சரி. முழங்கால் உயிருள்ள பொருள். எலும்பு முனையில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. கால் ஊன்றும்போது அது அமுங்குகிறது, தூக்கும்போது விரிகிறது. அப்படி அமுங்கி விரியும்போதுதான் பழைய நீர் வெளியே போய்ப் புதிய நீர் உள்ளே வருகிறது. அசையாத மூட்டுக்கு அந்தச் சாப்பாடும் குறைந்துபோகிறது. அதோடு, இந்த நோயில் குருத்தெலும்பு மட்டும் மாறுவதில்லை. கீழே உள்ள எலும்பு, மூட்டைச் சுற்றிய சவ்வு, தசை எல்லாமே மாறுகின்றன. அதில் தசை ஒன்றுதான் எந்த வயதிலும் நாம் பயிற்சி கொடுத்தால் திரும்ப வலுப்பெறக்கூடியது. அந்த ஒன்றையும் "ரெஸ்ட்" என்ற பெயரில் கரைய விடுகிறோம்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. என் அக்காவிடம் கற்றேன், தாமதமாக.

அக்கா உறையூரில் இருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் வெக்காளியம்மன் கோயிலுக்கு நடந்தே போவாள். அத்தான் போன பிறகு அந்த நடைதான் அவளுக்கு ஊர், உறவு, செய்தி எல்லாம். வழியில் பூக்காரம்மாவோடு கால் மணி, மளிகைக் கடையில் கால் மணி. 2011-ல் அவளுக்கு அறுபத்தாறு வயதில் முழங்கால் வலி வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு டாக்டர், பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான், படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "பாருங்கம்மா, எலும்பும் எலும்பும் உரசுது. நடந்தா இன்னும் தேயும்" என்றார். பக்கத்தில் நின்று தலையாட்டியது நான்.

அவளுக்கு உயரமான நாற்காலி வாங்கிப் போட்டது நான். டி.வி.யை அவள் இருக்கும் அறைக்கு மாற்றியது நான். "கோயிலுக்கு ஆட்டோவுல போ, இல்லேன்னா வீட்டுலயே விளக்கேத்திக்கோ அக்கா" என்று சொன்னதும் நான்தான். ஆட்டோவும் மூன்று மாதத்தில் நின்றது. ஒரு வருடத்தில் அவள் தொடை என் முன்கை அளவுக்கு இளைத்துவிட்டது. எடை மட்டும் ஏறியது. வலி குறைந்ததா என்றால், இல்லை. முன்பு கோயில் வாசலில் வலித்தது, பிறகு சமையலறை வாசலில் வலித்தது. 2016-ல் பாத்ரூமில் கால் தடுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆனது. ஏழு மாதம் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்தாள்.

காரணம் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இடுப்பெலும்பு முறிவு என்று எழுதியிருந்தது. எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தால் ஐந்து வருட நாற்காலியையும் சேர்த்து எழுதியிருப்பேன்.

இப்போது என் கதை. 2019-ல் அம்மா மண்டபத்துப் படித்துறையில் இறங்கும்போது வலது முழங்காலில் சுருக்கென்றது. ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே, "கிரேடு 3". டாக்டர் என்னோடு பேசியது மூன்று நிமிடம் இருக்கும். ஒரு மாத்திரை, ஒரு பவுடர், வலி தாங்காவிட்டால் ஊசி, கடைசி வரியில் "பிசியோ 10 நாள்".

பத்து நாளும் போனேன். ஒரு சிட்டிங் 300 ரூபாய். முழங்காலின் இரண்டு பக்கமும் பட்டை ஒட்டி மெஷினைப் போட்டுவிடுவார்கள். குறுகுறு என்று இருக்கும். நான் பேப்பர் படித்துக்கொண்டு படுத்திருப்பேன். இருபது நிமிடத்தில் மணி அடிக்கும், எழுந்து வந்துவிடுவேன். மூவாயிரம் ரூபாய் போனது, வலி அப்படியே இருந்தது.

கடைசி நாள் பெரியவர் யாரும் இல்லை. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் மட்டும் இருந்தாள். "சார், நாற்காலியில கையை ஊன்றாம எழுந்து உட்காருங்க. அரை நிமிஷத்துல எத்தனை தடவை முடியுதுன்னு பார்க்கலாம்" என்றாள். கைகளை மார்பின் குறுக்கே கட்டச் சொல்லி, செல்போனில் நேரம் பார்த்தாள். ஆறு முறை எழுந்தேன். ஏழாவது முறை நாற்காலி என்னை விடவில்லை.

"உங்க வயசுக்குப் பன்னிரண்டாவது வரணும் சார். தொடையில சதையே இல்ல. முழங்கால் தனியா என்ன பண்ணும்?"

பத்து நாள் என்னைப் படுக்கவைத்து மின்சாரம் பாய்ச்சியவர்கள் ஒருவரும் என்னை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. சொன்னது சம்பளம் வாங்காத ஒரு மாணவி.

அவள் கற்றுக்கொடுத்தது ஐந்து வேலை. ஒன்று, கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது. இரண்டு, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்ற காலை மடக்காமல் ஒரு முழ உயரம் தூக்கி மெதுவாக இறக்குவது. மூன்று, சுவரைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் அகற்றுவது. நான்கு, நின்றபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது. ஐந்து, அதே நாற்காலி. எழு, உட்கார், எழு, உட்கார். முதலில் உயரமான நாற்காலி, தேவைப்பட்டால் கையை ஊன்றிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் பத்து முறை. சுலபமானதும் இரண்டு சுற்று, பிறகு மூன்று. தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொள்வது அதற்கும் பிறகு. இதோடு தினமும் நடை. முதல் வாரம் பத்து நிமிடம், மெல்ல மெல்லக் கூட்டுவது.

"வலிச்சா நிறுத்திடணுமா?" என்று கேட்டேன். எல்லாருக்கும் உள்ள பயம் அதுதானே. அவள் சொன்ன பதிலை நான் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தாங்க முடியாத வலிக்குப் பத்து மார்க் என்றால், பயிற்சியின்போது நான்கு, ஐந்து வரை வலிக்கலாம், அதனால் கெடுதல் இல்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த முறை அளவைக் குறை. விட்டுவிடாதே.

முதல் இரண்டு வாரம் ஒரு பலனும் இல்லை. மூன்றாவது வாரம் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். என் மனைவிதான், "அக்கா நாற்காலி பரண்ல கிடக்கு, இறக்கட்டுமா?" என்று கேட்டாள். அப்புறம் விடவில்லை. எட்டாவது வாரம் படித்துறையில் கைப்பிடி இல்லாமல் இறங்கினேன். ஆறு மாதத்தில் நாற்காலிக் கணக்கு பதினான்கு. வலி முழுக்கப் போய்விட்டதா? இல்லை. ஐப்பசி மழையில் இப்போதும் ஞாபகப்படுத்தும். போன வருடம் எடுத்த எக்ஸ்ரேயில் அதே கிரேடு 3 இருக்கிறது. ஆனால் உத்திர வீதியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன்.

"இது உன் ஒருத்தன் கதை" என்பீர்கள். நியாயம். ஊர் உலகம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். மகன் உதவினான். படித்த பிறகு கோபம் இரண்டு மடங்கானது.

பிரிட்டனில் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு 2022-ல் இந்த நோய்க்கு விதிமுறை வெளியிட்டது. இந்த மூட்டு நோய் உள்ள எல்லாருக்கும் பயிற்சி கொடு என்கிறது. எடை கூடுதலாக இருந்தால் குறைக்க உதவு என்கிறது. நான் மூவாயிரம் கொடுத்த மின்சார வைத்தியத்தைக் கொடுக்காதே என்கிறது. குளுக்கோசமைன் மாத்திரையைக் கொடுக்காதே என்கிறது. வழக்கமான அறிகுறிகள் இருந்தால் நோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரேகூட வழக்கமாகத் தேவையில்லை என்கிறது. நம் ஊரில் எக்ஸ்ரே இல்லாமல் டாக்டர் முகத்தையே பார்க்க முடியாது. படத்தில் பயங்கரமாகத் தெரிகிறவர் நன்றாக நடப்பதும், படத்தில் ஒன்றும் தெரியாதவர் துடிப்பதும் உண்டு என்பது டாக்டர்களுக்குப் பழைய செய்தி. நமக்கு அதை யாரும் சொல்வதில்லை.

குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் இரண்டையும் அமெரிக்காவில் 1,583 பேரிடம் சோதித்து 2006-ல் முடிவு வெளியிட்டார்கள். மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கும் நம் மருந்துக் கடைகளில் அது போய்க்கொண்டே இருக்கிறது.

ஸ்டீராய்டு ஊசி? சில வாரம் வலி அடங்கும், பொய் இல்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2017-ல் வந்தது. உப்புநீர் ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டால் வலியில் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பு இழப்புதான் கூடுதல். "தேயும், நடக்காதே" என்றவர்கள் போடும் ஊசி இது! 2020-ல் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகளில் 156 பேரை வைத்து ஊசியையும் பிசியோதெரபியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் வலியிலும் நடமாட்டத்திலும் பிசியோ பக்கம்தான் நன்றாக இருந்தது.

பயிற்சியின் பலனையும் நான் ஊதிப் பெரிதாக்க மாட்டேன். எல்லா ஆராய்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி மனிதருக்குக் கிடைப்பது மிதமான பலன்தான். சிலருக்கு நிறைய, சிலருக்குக் கொஞ்சம். விட்டுவிட்டால் பலனும் போய்விடும். ஆனால் இந்த மிதமான பலனுக்கு வயிற்றுப் புண் வராது, சிறுநீரகம் கெடாது, ஐந்து பைசா செலவில்லை. அதோடு சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது. இப்படி ஒரு மாத்திரை இருந்தால் அதற்கு எத்தனை மெடிக்கல் ரெப் பை தூக்கிக்கொண்டு அலைவார்கள்! நாற்காலியில் எழுந்து உட்காருவதற்கு ரெப் கிடையாது. அதனால் அது சீட்டில் கடைசி வரிக்குப் போகிறது.

ஆபரேஷனை நான் எதிர்க்கவில்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2000-ல் பிரதமர் வாஜ்பாய் மும்பையில் முழங்கால் மாற்றிக்கொண்டபோதுதான் நம்மில் பலர் அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டோம். 2017-ல் மத்திய அரசு செயற்கை மூட்டு விலைக்கு உச்சவரம்பு வைத்து, பெரும்பாலோர் பொருத்திக்கொள்ளும் வகையை 54,720 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. நல்ல காரியம். முற்றிய நிலையில், ராத்திரித் தூக்கம் போய், பயிற்சியும் செய்து பார்த்துவிட்டவர்களுக்கு அது மறுவாழ்வு. ஆனால் டென்மார்க்கில், ஆபரேஷனுக்குத் தகுதி என்று முடிவான 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷனும் பயிற்சியும், மறு பாதிக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு போன்றவை மட்டும் கொடுத்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. ஆபரேஷன் செய்தவர்களுக்கு முன்னேற்றம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். கடுமையான பக்க விளைவும் அவர்களுக்கே அதிகம். பயிற்சி மட்டும் என்றவர்களில் ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் கால்வாசிப் பேர்தான். மற்றவர்கள் அந்த வருடத்தைச் சொந்த முழங்காலோடு கடந்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன் நம்மில் எத்தனை பேரிடம் "மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு வாருங்கள்" என்று சொன்னார்கள்? சொன்னவர்கள் எத்தனை பேருக்கு அதைச் செய்து காட்டினார்கள்?

டாக்டர்களையே திட்டிக்கொண்டிருப்பது நியாயம் இல்லை. நம் பங்கும் உண்டு. நமக்கு வைத்தியம் என்றால் யாராவது நமக்குச் செய்ய வேண்டும். ஊசி போட வேண்டும், தைலம் தேய்க்க வேண்டும், மெஷின் வைக்க வேண்டும். "நீயே செய்" என்றால் அது வைத்தியமாகத் தெரிவதில்லை. பயிற்சித் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் காலண்டருக்குப் பின்னால் சொருகிவிட்டு, "பிசியோ எல்லாம் பார்த்தாச்சு சார், கேட்கல" என்கிறோம். கைத்தடி பிடிக்க வெட்கம். பிடித்தாலும் வலிக்கும் காலின் பக்கமே பிடிக்கிறோம். எதிர்ப் பக்கக் கையில் பிடிக்க வேண்டும், அப்போதுதான் மூட்டின் பாரம் குறையும். எடை விஷயத்திலும் அப்படித்தான். ஒரு கிலோ இளைத்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது என்று அமெரிக்காவில் அளந்தே சொல்லியிருக்கிறார்கள். நாம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு ராத்திரி நாலாவது தோசைக்குக் கை நீட்டுகிறோம்.

சரி, என்னதான் வேண்டும் என்கிறாய்? இரண்டு கேட்கிறேன்.

முதலாவது அரசாங்கத்திடம். டென்மார்க்கில் 2013 முதல் முழங்கால், இடுப்பு மூட்டுக்காரர்களைக் குழுவாகச் சேர்த்து, நோயைப் பற்றிப் பாடமும் பன்னிரண்டு வகுப்புப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. நல்ல திட்டம். படுக்கையில் விழுந்தவர்களைத் தேடி வருகிறார்கள். விழுவதற்கு முன்பே எங்களைக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு நாள், ஒரு பிசியோதெரபிஸ்ட், இருபது நாற்காலி. வேறு ஒன்றும் வேண்டாம்.

இரண்டாவது நம் பென்ஷனர் சங்கங்களிடம். வருடத்துக்கு இரண்டு "இலவச மூட்டு வலி முகாம்" நடத்துகிறோம். கம்பெனிக்காரர்கள் வந்து எலும்புக்கு மெஷின் வைத்துப் பார்த்து, பயமுறுத்தி, பவுடர் விற்றுவிட்டுப் போகிறார்கள். நாம் காபி கொடுத்து அனுப்புகிறோம். அதற்குப் பதில் அதே ஹாலில், அதே நாற்காலிகளில், செவ்வாயும் வெள்ளியும் முக்கால் மணி நேரம். முதல் மாதம் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து கற்றுக்கொடுக்கட்டும். ஆளுக்கு நூறு ரூபாய் போட்டால் போதும். பிறகு நாமே பார்த்துக்கொள்ளலாம். வாயால் நூறு தடவை சொல்வதைவிடப் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்தால் நாமும் எழுந்துவிடுவோம்.

ஒரு எச்சரிக்கை, பொறுப்போடு சொல்கிறேன். முழங்கால் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால், காய்ச்சல் வந்தால், மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், விழுந்த பிறகு வலி வந்தால், முதலில் டாக்டரிடம் போங்கள். இருதயக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மற்றவர்களுக்குச் சாக்கு இல்லை.

கல்யாணத்தில் பார்த்த அந்தச் சகாவுக்கு நேற்று போன் செய்தேன். முதலில் நலம் விசாரித்தேன். பிறகு, "கையைக் கட்டிக்கிட்டு நாற்காலியிலேருந்து எழுந்து உட்காரு, அரை நிமிஷம், நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். "உனக்கென்ன பைத்தியமா?" என்றார். பிறகு போனை அவர் மனைவியிடம் கொடுத்தார். அந்தம்மா எண்ணுவது கேட்டது.

"அஞ்சுதான் முடிஞ்சுதுண்ணே. மூச்சு வாங்குது அவருக்கு" என்றார்.

"நான் ஆறுல ஆரம்பிச்சேம்மா" என்றேன். "வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொல்லுங்க."